ஆபத்தில் உடம்பு செய்வதும், தப்பிய பிறகு வரும் நடுக்கமும்

இறக்கக்கண்டிப் பக்கம் வள்ளம் கவிழ்ந்து நீந்திக் கரையேறிய ஒரு தம்பி கேட்டிருந்ததை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வாடைக் காலத்து அலை புரட்டியதில், கரைக்குக் கொஞ்சத் தூரத்தில் வள்ளம் கவிழ்ந்திருக்கிறது. கூட வந்த மாமாவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இவர் நீந்தியிருக்கிறார். காலில் ஆழமான வெட்டு விழுந்திருந்தது கரைக்கு வரும்வரை தெரியவேயில்லை. மணலில் உட்கார்ந்த பிறகுதான் கைகால் வெலவெலத்து, நாக்கு ஒட்டிக்கொண்டு, வயிற்றைப் பிரட்டி, எழுந்து நிற்கப் பார்த்தபோது கண் இருண்டிருக்கிறது. கடலுக்குள் இருந்த பலம் எங்கிருந்து வந்தது, கரைக்கு வந்ததும் அது எங்கே போனது, பார்த்தவர்கள் சொல்வது போலத் தான் பயந்தாங்கொள்ளிதானா என்று கேட்கிறார். இப்போது கடலுக்குப் புறப்படும்போதே நெஞ்சு படபடக்கிறது, அதற்குக் குளிசை ஏதும் உண்டா என்று கடைசியில் ஒரு வரியும் சேர்த்திருக்கிறார். பலத்தைப் பற்றிய கேள்வியாக இது தோன்றினாலும், உண்மையில் அவரை அரிப்பது அந்த நடுக்கம் என்றே எனக்குப் படுகிறது. ஆகவே அதை நோக்கியே இந்தப் பதிலைக் கொண்டுபோகிறேன்.

திருகோணமலையிலும் கிழக்கின் வேறு சில வைத்தியசாலைகளிலும் மயக்கமருந்துப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை செய்தவன் நான். நோயாளியின் நாடித்துடிப்பையும் குருதி அமுக்கத்தையும் நிமிடத்துக்கு நிமிடம் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அந்த வேலை என்பதால், இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பின்னால் இருக்கும் பரிவு நரம்புத்தொகுதியோடு, அதாவது நாம் நினைக்காமலே இதயத்தையும் குருதிக்குழாய்களையும் முடுக்கும் நரம்புகளோடு, எனக்குத் தினசரிப் பழக்கம் உண்டு. மனநல வைத்தியம் என் துறை அன்று. அந்தப் பக்கம் வரும்போது அளவோடு நிறுத்திக்கொள்வேன். உங்களை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நரம்புத்தொகுதியைப் பற்றிப் பாடசாலையில் படித்த பலருக்கும் ஒரு தவறான எண்ணம் தங்கிவிடுகிறது. சாதாரண நாளில் அது தூங்கிக்கொண்டிருக்கும் என்றும், புலியைக் கண்டால்தான் விழிக்கும் என்றும் நினைக்கிறோம். சிசேரியன் சத்திரசிகிச்சைக்கு முதுகில் விறைப்பு ஊசி போடும்போது நடப்பதைப் பார்த்தால் இது சரியில்லை என்று தெரிந்துவிடும். முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புக்கற்றையான முண்ணாணைச் சூழ்ந்த திரவத்துக்குள் மருந்து போனதும், தடித்த தசை நரம்புகளுக்கு முன்பாகவே மெல்லிய பரிவு நரம்பிழைகள் அடங்கிவிடுகின்றன. காலை அசைக்க முடிகிறதா என்று நாங்கள் கேட்டு முடிப்பதற்குள் பாதம் இளஞ்சூடாகி, புறங்காலில் நாளங்கள், அதாவது குருதியை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்கள், புடைத்துத் தெரியும். ஓரிரு நிமிடங்களில் 120 இருந்த மேல் அமுக்கம் 90க்கோ அதற்கும் கீழோ இறங்கப் பார்க்கும். தாய் முகம் வெளிறி, “சத்தி வரப்போகுது டொக்டர்” என்பார். அவரை யாரும் வெருட்டவில்லை. மேசையில் அமைதியாகப் படுத்திருக்கிறார். ஆனாலும் இடுப்புக்குக் கீழேயும் வயிற்றிலும் உள்ள குருதிக்குழாய்களை ஓயாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்த நரம்புகள் கையை விட்டதும் அமுக்கம் சரிகிறது. சேலைனையும், அந்த நரம்புகள் செய்யும் வேலையைச் செய்யக்கூடிய ஒரு மருந்தையும் கொடுத்துத்தான் அதை மேலே கொண்டுவருகிறோம். ஆக, நாம் படுக்கையிலிருந்து எழும்பும் ஒவ்வொரு தடவையும் இந்தத் தொகுதி வேலை செய்கிறது. ஆபத்து வரும்போது அது புதிதாகப் பிறப்பதில்லை. ஏற்கெனவே பிடித்திருக்கும் கடிவாளங்களில் சிலவற்றை இறுக்கி, சிலவற்றைத் தளர்த்துகிறது.

முண்ணாணில் நெஞ்சுப் பகுதியின் முதலாவது துண்டம் தொடங்கி இடுப்புப் பகுதியின் இரண்டாவது துண்டம் வரையிலிருந்து இந்த நரம்புகள் புறப்படுகின்றன. முள்ளந்தண்டின் இரு பக்கமும் மாலைபோல் கோத்த நரம்புத்திரட்டுகளில் பெரும்பாலானவை ஒருமுறை நின்று, அங்கிருந்து வேறொரு நரம்புக்கலம் செய்தியை வாங்கி உறுப்புக்குக் கொண்டுபோகிறது. உறுப்புக்குப் போகும் இந்த இரண்டாம் நரம்பு பெரும்பாலும் நோரதிரீனலின் என்ற பொருளைச் சொரிகிறது. சிறுநீரகத்தின் தலையில் குந்தியிருக்கும் அதிரீனல் சுரப்பியின் நடுப்பகுதிக்கு மட்டும் முதலாம் நரம்பு நேரடியாகவே போய்ச் சேர்கிறது. அந்தச் சுரப்பி தன் சரக்கைக் குருதிக்குள்ளேயே ஊற்றிவிடுகிறது, அதில் ஏறத்தாழ 80 வீதம் அதிரீனலின், மீதி நோரதிரீனலின். நரம்பு எட்டாத இடத்துக்கும் குருதி எட்டும் என்பதுதான் இந்த இரட்டை ஏற்பாட்டின் பயன்.

வள்ளம் சரிந்த கணத்துக்கு வருவோம். மூளையின் உட்பகுதியில் உள்ள அமிக்தலா ஆபத்தை மணந்து, உடம்பின் உள்வேலைகளை நடத்தும் ஐப்போதலமசுக்கும் மூளைத்தண்டுக்கும் தகவல் கொடுக்க, முதலில் நடப்பது பரிவு நரம்பின் வேலையே அன்று. இதயத்தை அமர்த்தி வைத்திருக்கும் வேகசு நரம்பு, அதாவது எதிர்ப்பக்கமான பரபரிவு நரம்பு, தன் பிடியை விடுகிறது. ஒன்றிரண்டு துடிப்புக்குள் இதயம் வேகம் எடுப்பது அதனால்தான். பரிவு நரம்பு தூண்டும் வேகம் சில விநாடிகள் பிந்தித் தொடங்கி, அரை நிமிடம்வரை ஏறிக்கொண்டே போகும். அதற்குள் அதிரீனலின் குருதியில் சுற்றத் தொடங்கிவிடும். இவை எல்லாவற்றுக்கும் பின்னால், கோட்டிசோல் என்ற ஓமோன் நிமிடக் கணக்கில் ஏறி, அரை மணித்தியாலத்தை ஒட்டி உச்சத்துக்கு வரும். இதைப் பலரும் அதிரீனலினோடு ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். நீங்கள் நீந்தியபோது உங்களுக்கு உதவியது அதிரீனலின். அன்றிரவு தூக்கம் வராமல் புரண்டிருந்தால் கோட்டிசோலுக்கும் அதில் பங்கு இருக்கக்கூடும்.

இதயத்தில் நடப்பது வேகம் மட்டுமன்று. ஒவ்வொரு துடிப்பும் பலமாகிறது. ஓய்வில் நிமிடத்துக்கு 5 லீற்றர் அளவில் குருதியைத் தள்ளும் இதயம், உடல்நலமுள்ள இளைஞன் முழு மூச்சாக உழைக்கும்போது 20 லீற்றரையும் தாண்டித் தள்ளும். இவ்வளவு குருதி எங்கிருந்து வரும் என்ற கேள்விக்குப் பதில் நாளங்களில் இருக்கிறது. உடம்பின் குருதியில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்ட எந்நேரமும் நாளங்களில்தான் தேங்கியிருக்கும். பரிவு நரம்பு அந்த நாளச்சுவர்களை இறுக்க, தேங்கியிருந்தது இதயத்துக்குத் திரும்புகிறது. அடுத்தது பங்கீடு. தண்ணீர் குறைந்த போகத்தில் கந்தளாய்க் குளத்து வாய்க்கால்களில் சில மடைகளை அடைத்துச் சிலவற்றைத் திறந்துவிடுவது போல, தோல், குடல், சிறுநீரகம் ஆகியவற்றுக்குப் போகும் சிறுநாடிகள் இறுகுகின்றன; தசைக்குப் போகும் வழி திறக்கிறது. ஓய்வில் தசைகளுக்குக் குருதியில் 20 வீதம் போனால், கடும் உழைப்பின்போது 80 வீதம்வரை போகும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. தசைக்குழாய்களைத் தொடக்கத்தில் விரிக்க அதிரீனலின் கைகொடுத்தாலும், அதன்பின் பெரிய வேலையைச் செய்வது உழைக்கும் தசை தானே வெளியிடும் கழிவுப்பொருட்கள்தாம். எனவே பயந்து உட்கார்ந்திருப்பவனின் தசையும் பயந்து நீந்துகிறவனின் தசையும் ஒரே நிலையில் இருப்பதில்லை.

தோலுக்குப் போகும் வழி இறுகுவதால் முகம் வெளிறுகிறது, கை சில்லிடுகிறது, வெட்டு விழுந்தாலும் அந்த நேரத்தில் குருதிக்கசிவு குறைகிறது. அதிரீனலின் குருதிச் சிறுதட்டுகளையும் உசுப்பிவிடுவதால் உறைதலும் விரைவாகிறது. கரைக்கு வந்து உடம்பு சூடேறிய பிறகு உங்கள் கால் காயம் முன்னைவிடக் கூடுதலாகக் குருதி விட்டிருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஈரல் தன்னிடம் சேமித்த கிளைக்கோசனை உடைத்துக் குளுக்கோசாக்கிக் குருதிக்குள் விடுகிறது. அந்தச் சேமிப்பு சாதாரணமாக 100 கிராம் அளவுதான், ஆனால் ஓர் அவசரத்துக்குத் தாராளம். கொழுப்பும் கரையத் தொடங்குகிறது. சுவாசக்குழாய்களின் தசை தளர்கிறது. மனிதரில் அந்தத் தசைக்கு நேரடிப் பரிவு நரம்பு மிகக் குறைவு என்பதால் இது பெரும்பாலும் குருதிவழி வரும் அதிரீனலினின் வேலை. கண்மணி விரிகிறது, மயிர் சிலிர்க்கிறது, குடலின் அசைவு மந்தமாகிறது.

வாய் வறள்வதைப் பற்றி மட்டும் இரண்டு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். பரிவு நரம்பு உமிழ்நீரை நிறுத்திவிடுகிறது என்று பல பாடக்குறிப்புகளில் இருக்கும். உண்மையில் அந்த நரம்பைத் தூண்டினாலும் உமிழ்நீர் சுரக்கும், கொஞ்சமாகவும் பிசுபிசுப்பாகவும். வறட்சிக்குக் காரணம், தண்ணீர்த்தன்மையான உமிழ்நீரைச் சுரக்கவைக்கும் பரபரிவு நரம்பை மூளை மேலிருந்து அடக்கிவிடுவதும், வாயால் மூச்சு வாங்குவதும்தான். உங்கள் விடயத்தில் குடித்த உப்புத்தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளலாம். வியர்வையும் ஒரு விதிவிலக்கு: வியர்வைச் சுரப்பிக்குப் போவது பரிவு நரம்புதான், ஆனால் அங்கே அது நோரதிரீனலினை விட்டு அசற்றைல்கோலின் என்ற வேறு பொருளைச் சொரிகிறது. இது வெறும் புத்தக நுணுக்கம் அன்று, பதிலின் கடைசியில் ஓர் இடத்தில் தேவைப்படும்.

இனிப் பலத்தைப் பற்றி. மேலே சொன்னவை யாவும் அளந்து அறியப்பட்டவை. ஆனால் ‘அதிரீனலின் ஏறியதால் பத்து ஆள் பலம் வந்தது’ என்பது அப்படி அன்று. காரைத் தூக்கிப் பிள்ளையை எடுத்த தாய் என்ற கதைகளை யாரும் கருவி வைத்து அளந்ததில்லை; அளக்கவும் முடியாது. 1961இல் இக்காய், ஸ்டைன்ஹவுஸ் என்ற இரு ஆய்வாளர்கள், ஒருவர் முழுப்பலத்தோடு கையை மடக்கும்போது அருகில் துப்பாக்கி வெடித்தாலோ அவரே உரக்கக் கத்தினாலோ பலம் கூடுகிறதா என்று பார்த்தார்கள். கூடியது, ஆனால் பத்து வீதத்தை ஒட்டிய அளவில்தான். நாம் முழுப்பலம் என்று நினைப்பதற்கும் தசையின் உண்மையான எல்லைக்கும் இடையில் மூளை கொஞ்சம் கையிருப்பு வைத்திருக்கிறது, அவசரத்தில் அதிலிருந்து ஒரு பங்கு அவிழ்கிறது என்பது என் துறையில் பலரும் ஏற்கும் விளக்கம். அதைவிடக் கூடுதலாகச் சொல்வது மிகைப்படுத்தல். உங்களிடம் இல்லாத பலம் கடலில் வரவில்லை. கடற்றொழிலில் தோளிலும் முதுகிலும் ஏற்கெனவே சேர்ந்திருந்த பலம், களைப்பையும் தயக்கத்தையும் கவனியாமல் செலவானது. கரைக்கு வந்ததும் அது ‘போய்விட்டது’ என்று தோன்றியது அந்தச் செலவின் கணக்கு அப்போது கண்ணுக்குத் தெரிந்ததால்தான்.

வெட்டு வலிக்காமல் இருந்ததைப் பரிவு நரம்பின் கணக்கில் எழுதுவது சரியன்று. அது பக்கத்தில் ஓடும் இன்னொரு ஏற்பாடு. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியின் அன்சியோப் போர்முனையில் வேலை செய்த அமெரிக்க மயக்கமருந்து வைத்தியர் ஹென்றி பீச்சர், பாரிய காயங்களோடு கொண்டுவரப்பட்ட படையினரில் பெரும்பாலானோர் வலிமருந்து வேண்டாம் என்றதைக் கண்டு 1946இல் எழுதினார். அவர்கள் அதிர்ச்சியில் உணர்விழந்திருக்கவில்லை. ஊசி குத்தியபோது முனகினார்கள். மூளைத்தண்டிலிருந்து முண்ணாணுக்கு இறங்கும் சில பாதைகள், உடம்பு தானே உண்டாக்கும் அபின் போன்ற பொருட்களின் உதவியோடு, மேலே ஏறும் வலிச் செய்தியை வழியிலேயே மட்டுப்படுத்துகின்றன என்பது பின்னர் தெரியவந்தது. கவனம் முழுவதும் வேறிடத்தில் இருப்பதற்கும் பங்கு உண்டு. எந்தப் பங்கு எவ்வளவு என்று ஒரு தனி மனிதரில் பிரித்துச் சொல்ல இன்றும் வழியில்லை.

‘எதிர்த்து நில் அல்லது ஓடு’ என்ற பெயரில் நாம் படிக்கும் கருத்து ஹாவர்ட் பல்கலைக்கழகத்து உடற்றொழிலியல் அறிஞர் வால்ற்றர் கனனுடையது. எக்ஸ்ரேயில் பூனையின் இரைப்பை அசைவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பூனை கலவரமடைந்தால் அசைவு நின்றுபோவதைக் கண்டதிலிருந்து அவருடைய தேடல் தொடங்கியது. 1915இல் அதை ஒரு கொள்கையாக வெளியிட்டார். பின்னாளில் அவர் பூனைகளின் பரிவு நரம்பு மாலைகளை முழுவதுமாக அகற்றிப் பார்த்தார். ஆய்வுகூடத்தின் சொகுசில் அவை உயிரோடு நன்றாகவே இருந்தன. ஆனால் குளிரில் விட்டால் மயிரைச் சிலிர்க்கவோ தோலின் குருதியைக் கட்டுப்படுத்தவோ முடியாமல் தவித்தன. அவசரத்துக்கான தொகுதி என்ற அவருடைய கருத்துக்கு இதைவிட நேரான சான்று வேறில்லை. அதே வேளை, ஆபத்தில் இந்தத் தொகுதி முழுவதும் ஒரேயடியாகப் பாய்கிறது என்று அவர் கருதியது இன்று அப்படியே ஏற்கப்படுவதில்லை. 1960களின் இறுதியில் சுவீடனில் ஹாக்பார்த், வல்போ என்ற இருவர், விழித்திருக்கும் மனிதரின் நரம்புக்குள் மெல்லிய ஊசி மின்வாயைச் செலுத்திப் பரிவு நரம்பின் ஓசையை நேரடியாகப் பதிவுசெய்தார்கள். அந்த வழியில் வந்த ஆய்வுகள், தோலுக்குப் போகும் நரம்பும் தசைக்குப் போகும் நரம்பும் வெவ்வேறு தாளத்தில் வேலை செய்வதைக் காட்டின. குளிருக்கு ஒரு கலவை, குருதி இழப்புக்கு வேறொரு கலவை, மேடைப்பயத்துக்கு இன்னொன்று.

எதிர்ப்பதும் ஓடுவதும் மட்டுமே வழிகள் என்பதும் சரியில்லை. பிரெட்ரிக் கோட்டைக்குள் போகும்போது அங்குள்ள புள்ளிமான்களைக் கவனித்துப் பாருங்கள். கோணேசர் கோயிலுக்குப் போகும் ஆட்டோக்களும் பஸ்களும் அவற்றுக்குப் பழகிப்போய்விட்டன, திரும்பியும் பார்ப்பதில்லை. எங்கோ ஒரு நாய் உறுமினால் அசைபோட்டுக்கொண்டிருந்த வாய் பாதியில் நிற்கும், காது இரண்டும் ஒரு திசைக்குத் திரும்பும், முழு உடம்பும் அசையாமல் உறையும். இந்த உறைநிலையில் இதயம் பெரும்பாலும் வேகமெடுப்பதில்லை, மெதுவாகிறது. பரிவும் பரபரிவும் ஒருசேர இயங்கும் நிலை அது. மனிதருக்கும் இது வரும். ஆபத்தில் கத்தவும் அசையவும் முடியாமல் நின்றுவிட்டவர்களை ‘ஏன் ஓடவில்லை’ என்று பின்னர் கேட்பது அவர்களுக்குச் செய்யும் அநியாயம் என்பது என் கருத்து.

இப்போது உங்கள் நடுக்கம். ஒவ்வாமை கடுமையாகி மூச்சு அடைபடும் ஒருவருக்கு நாங்கள் தொடைத்தசையில் 0.5 மில்லிகிராம் அதிரீனலின் ஏற்றுகிறோம். பாம்புக்கடிக்குக் கொடுக்கும் நஞ்சு எதிர்மருந்து நம் நாட்டில் அடிக்கடி ஒவ்வாமையை உண்டாக்குவதால், அதற்கு முன்பாகத் தோலுக்கு அடியில் 0.25 மில்லிகிராம் கொடுத்தால் கடுமையான ஒவ்வாமை குறைகிறது என்று இலங்கையிலேயே ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளில் நடத்தி 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒவ்வாமைக்கு ஊசி போட்ட சில நிமிடங்களில் நோயாளி மூச்சு இலகுவாகி நிமிர்ந்து உட்காருவார். பக்கத்தில் வைத்த தேநீர்க் கோப்பையை எடுக்கக் கை நீளும்போது விரல் நடுங்கி, கோப்பை தட்டில் கடகடக்கும். நெஞ்சு அடிப்பது சட்டைக்கு மேலாலேயே தெரியும். பயம் தீர்ந்து ஆறுதலாக இருக்கும் மனிதர் அவர். நடுங்குவது ஏனென்றால், எலும்புத்தசையில் உள்ள பீற்றா-2 வாங்கிகளில் அதிரீனலின் போய் ஒட்டும்போது, எல்லோருக்கும் எப்போதும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்நடுக்கம் பெரிதாகிவிடுகிறது. ஸ்பானிய வைத்தியர் கிரெகோரியோ மரனியோன் 1924இல் வெளியிட்ட ஆய்வில், அதிரீனலின் ஏற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் உடம்பின் மாற்றங்களை மட்டுமே சொன்னார்கள்; உணர்ச்சியைப் பற்றிச் சொன்னவர்களிலும் பெரும்பாலோர் ‘பயந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது, ஆனால் பயமில்லை’ என்ற பொருள்பட விவரித்திருந்தார்கள். நடுக்கம் மருந்தின் குணம். அந்த மருந்தை உங்கள் உடம்பே காய்ச்சிக் கொடுத்தது என்பதுதான் வித்தியாசம்.

நீந்தும்போது நடுங்காமல் கரையில் ஏன் நடுங்கியது என்றால், ஓயாமல் இயங்கும் தசையில் அந்த நடுக்கம் கரைந்துபோகிறது. ஓய்ந்து உட்கார்ந்தால் வெளியே தெரிகிறது. குருதியில் உள்ள அதிரீனலினில் பாதி இரண்டு மூன்று நிமிடங்களில் அழிந்துவிடும் என்றாலும், சுரப்பி உடனே ஓய்வதில்லை. மாமா மூச்சுவிடுகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தபோதும் அது சுரந்துகொண்டுதான் இருந்திருக்கும். ஈர உடம்பில் வாடைக்காற்று பட்ட குளிர்நடுக்கமும் இதோடு கலந்திருக்கலாம். இரண்டையும் வெளியிலிருந்து பிரித்தறிய முடியாது. கண் இருண்டதற்குக் காரணம் வேறு. நீரில் இருந்தவரை, கடலின் அழுத்தமும் கால்தசைகளின் அசைவும் கால் நாளங்களில் உள்ள குருதியை மேலே தள்ளிக்கொண்டிருந்தன. கரையில் எழுந்து நின்றபோது அந்த இரண்டு உதவியும் ஒருங்கே நின்றுபோயின. விரிந்த தசைக்குழாய்கள் இன்னும் சுருங்கவில்லை. அடங்கியிருந்த வேகசு நரம்பும் திரும்பி வந்து இதயத்தை மெதுவாக்கத் தொடங்கியிருக்கும். மூளைக்குப் போகும் குருதி சில கணம் குறைந்தது. குமட்டலும் இதே நேரத்தில் வருவதுண்டு. கடலிலிருந்து மீட்கப்பட்டவரை உடனே நிமிர்த்தி நடக்கவைக்காமல் படுக்கவைக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். உணர்வு மங்கியவரையோ வாந்தி எடுப்பவரையோ பக்கவாட்டில் கிடத்த வேண்டும். இதை உங்கள் கடற்றொழிலாளர் சங்கத்தில் உள்ளவர்களுக்கும் சொல்லிவையுங்கள்.

எல்லாம் நன்மைக்கே என்று சொல்லி முடித்துவிடவும் முடியாது. இந்த ஏற்பாடு சில வேளை இதயத்தையே தாக்கும். மிகுந்த அதிர்ச்சிக்குப் பின் இதயத்தின் இடது கீழறையின் நுனிப்பகுதி தற்காலிகமாகச் செயலிழந்து ஊதிப்போகும் நோய் 1990இல் ஜப்பானில் முதலில் விவரிக்கப்பட்டது. மாரடைப்புப் போலவே நெஞ்சுவலி வரும், ஆனால் இதயத்துக்கே குருதி கொடுக்கும் முடியுரு நாடிகளில் அதற்கேற்ற அடைப்பு இராது. 2004 ஒக்ரோபரில் அங்கு நீகாத்தா மாவட்டத்தில் நிலம் நடுங்கியபின் அப்படிப்பட்ட நோயாளிகள் வழமையைவிடக் கூடுதலாக வந்தார்கள். பெரும்பாலும் நடுவயது தாண்டிய பெண்களுக்கு வருகிறது. அளவுமீறிய அதிரீனலின் இதில் முக்கிய பங்கு வகிக்கிறது என்பதில் கருத்தொற்றுமை உண்டு; அது ஏன் அந்தப் பகுதியை மட்டும் தாக்குகிறது, ஏன் பெண்களை அதிகம் தாக்குகிறது என்பவை இன்னும் விவாதத்தில் உள்ளன. ஆகவே அதிர்ச்சிக்குப் பின் நெஞ்சுவலி என்றால், வயது எதுவானாலும், ‘பயத்தால் வந்தது, படுத்தால் சரியாகும்’ என்று வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.

அதே 2004இல் மார்கழி 26 நம் கரையோரத்துக்கு என்ன செய்தது என்று இங்குள்ளவர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. அதற்குப் பிறகு பல காலம், இரவில் கடல் கொஞ்சம் உரத்து இரைந்தாலே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுப் பக்கம் ஓடியவர்கள் இருந்தார்கள். ஆபத்து ஒருமுறை வந்த வழியை மூளை மறப்பதில்லை. அந்த ஓசையோ மணமோ வந்தால், நினைத்துப் பார்ப்பதற்கு முன்பே பரிவு நரம்பு முழுத் தயாராகிவிடுகிறது. கடலுக்குப் புறப்படும்போது உங்களுக்கு வரும் படபடப்பு இந்த வகையைச் சேர்ந்தது என்றே எண்ணுகிறேன். முதல் சில கிழமைகளில் இது பலருக்கும் வந்து தானாகத் தணியும். ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்தால், கனவில் திரும்பத் திரும்ப வந்தால், கடலையே தவிர்க்கத் தோன்றினால், வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். அதற்கான பேச்சுச் சிகிச்சைகள் பலன் தருபவை. அதற்குமேல் சொல்வது என் எல்லைக்கு வெளியே.

மூச்சுப் பயிற்சி உதவுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் குளிசையைப் பற்றிப் பேசுமுன் அதைச் சொல்வது நியாயம். மூச்சை வெளிவிடும்போது வேகசு நரம்பின் பிடி கூடி இதயம் கொஞ்சம் மெதுவாகிறது. இதை நீங்களே மணிக்கட்டில் நாடி பிடித்துப் பார்க்கலாம். நிமிடத்துக்கு ஆறு மூச்சு அளவில், வெளிமூச்சை நீட்டி விட்டால் படபடப்பு அந்த நேரத்துக்குத் தணியும் என்பது உறுதி. அதைச் செய்தால் குருதி அமுக்க நோய் தீரும், ஆயுள் கூடும் என்றெல்லாம் சொல்லப்படுபவற்றுக்கு அந்த உறுதி கிடையாது.

குளிசை உண்டு. புறொப்பிறனலோல் என்ற மருந்து 1960களில் ஜேம்ஸ் பிளாக் என்பவரின் ஆய்வால் வந்தது. 1988இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசில் அந்தப் பணிக்குப் பெரும் பங்கு உண்டு. அது அதிரீனலின் ஒட்டும் பீற்றா வாங்கிகளை அடைத்துவிடும். நெஞ்சு படபடக்காது, கை நடுங்காது. மேடைப்பயத்துக்கு அதைக் குறைந்த அளவில் கொடுப்பதும் உண்டு. ஆனால் தொய்வு (ஆஸ்துமா) உள்ளவருக்கு அது சுவாசக்குழாயை இறுக்கி உயிருக்கே ஆபத்தாகலாம், தெரிந்தவரிடம் வாங்கி விழுங்கும் குளிசை அன்று. மாமாவுக்கு நீரிழிவு என்று எழுதியிருந்தீர்கள். இன்சுலின் எடுப்பவர் புறொப்பிறனலோலும் எடுத்தால், சீனி இறங்கும்போது எச்சரிக்கும் படபடப்பும் நடுக்கமும் வராமல் போகலாம். வியர்வை மட்டும் வரும், முன்பு சொன்ன அசற்றைல்கோலின் காரணத்தால். அந்தக் குறியை வீட்டார் தெரிந்துவைத்திருப்பது நல்லது. உங்களுக்கோ, மறுபடி வள்ளம் புரண்டால் எந்த ஏற்பாடு உங்களைக் கரை சேர்த்ததோ அதன் ஒரு பாதியை அடைத்துவிட்டுக் கடலுக்குப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. எழுதித் தரும் நிலையில் நான் இருந்தாலும் எழுதித் தரமாட்டேன். உட்கார்ந்திருக்கும்போதே காரணமின்றிப் படபடப்பும் தலையிடியும் வியர்வையும் சேர்ந்து விட்டுவிட்டு வந்தால் அது வேறு விடயம். தைரொயிட் சுரப்பி கூடுதலாக இயங்கினாலும், மிக அரிதாக அதிரீனல் சுரப்பியில் கட்டி வந்தாலும் அப்படி நேரலாம். குருதிப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும் செய்தால் தெரிந்துவிடும். அப்படி இருந்தால் கிளினிக் நாளில் போய், கடலில் நடந்ததையும் சேர்த்து வைத்தியரிடம் சொல்லுங்கள்.